கல்வியியல் துறையின் ஆய்வு, வகுப்பறைக்குப் போக எந்த வழி?

எங்கள் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைக்கு வரும் கல்வியாண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு விரிவாக்கப் பணிக்கென்று, அதாவது ஆய்வை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகும் வேலைக்கென்று, ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய தொகை இல்லை. ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்யலாம்; நாலைந்தை எடுத்தால் எல்லாம் அரைகுறையாக நிற்கும். துறைக் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதுவுமே தள்ளிவிடக்கூடிய யோசனை இல்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்தக் குறிப்பை விரித்துத்தான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்றத் துறைகளுக்கும் கல்வியியல் கல்லூரிகளுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், எதைக் கொண்டுபோகப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து நடப்பது தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பைப் பற்றிய வேலை. நான் பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தாள் ஒரு பெண்பிள்ளை. க, கா, கி, கீ என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். 'படம்', 'மாடு' எல்லாம் படிப்பாள். 'குருவி' என்று எழுதிக் காட்டினால் நின்றுவிடுவாள். ஆகாரத்துக்கு ஒரு கால் போட்டால் போதும், பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் அதே கால். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. 'பு'வில் கோடு நேராகக் கீழே இறங்குகிறது, 'து'வில் அடியில் சுழித்து மேலே ஏறுகிறது, 'மு'வில் சுற்றி வளைகிறது, 'கு' தனி வடிவம். பெரியவர்களான நமக்கு இது கண்ணிலேயே படாது. பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புது எழுத்து. அந்தப் பெண் 'கொடி' என்ற சொல்லைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "கொம்பு மொதல்ல இருக்குதே சார், அதை ஏன் அப்புறமாச் சொல்லணும்?" இருபது ஆண்டுகளாகக் கல்வியியல் கற்பிக்கிறேன். பிள்ளைக்குப் புரியும்படி ஒரு பதில் எனக்கு உடனே வரவில்லை.

எந்த எழுத்தில், எந்தக் குறியில், எந்த நிலையில் பிள்ளைகள் நிற்கிறார்கள், அங்கே ஆசிரியர் என்ன செய்தால் நகர்கிறார்கள் என்பதுதான் எங்களிடம் இருக்கும் சரக்கு. அது அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். வழிகளை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: அந்தப் பெண் 'குருவி'யைப் படிப்பதற்கும் இந்த வழிக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது?

எழுதி வெளியிடுவது

ஆய்விதழில் எழுதுவதை நான் வழிகளில் ஒன்றாகவே எண்ணவில்லை. அது எங்கள் கடமை. நாங்கள் சொல்வதை வேறொருவர் சரிபார்க்க அது ஒன்றுதான் வாய்ப்பு. ஆனால் அதில் வந்ததும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடுகிறோமே, அதுதான் வருத்தம். பதவி உயர்வுக்கும் அது போதும், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை எடைபோடும் நாக் மதிப்பீட்டில் ஆராய்ச்சியும் விரிவாக்கமும் அடங்கிய மூன்றாவது அளவுகோலில் ஒரு பகுதிக்கும் அது போதும். ஆராய்ச்சி, கற்பித்தல் இரண்டுக்கும் சமமான மூன்றாவது பொறுப்பு விரிவாக்கம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே சொல்லிவிட்டது. அந்த மூன்றாவது பொறுப்பு இன்னும் பெரும்பாலான துறைகளில் ஒரு நாள் நிகழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

நாளிதழில் தமிழில் எழுதுவது, காணொளி போடுவது இரண்டும் நல்லவை. பெற்றோர் படிப்பார்கள், பேச்சு கிளம்பும். செலவும் இல்லை. அதைச் செய்துகொண்டே இருக்கலாம். ஒதுக்கிய தொகையை அதில் போடத் தேவையில்லை. இத்தோடு இதை விடுகிறேன்.

எல்லாப் பள்ளிக்கும் கையேடு

கூட்டத்தில் அதிக ஆதரவு இதற்குத்தான் இருந்தது. ஆய்வில் கண்டதை எளிய தமிழில் நாற்பது பக்கக் கையேடாக அச்சிட்டு மாவட்டத்தின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்புவது, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும், கையில் ஒரு பொருள் இருக்கும், வெளியீட்டு விழா வைக்கலாம். நானும் ஒரு காலத்தில் இதற்காக வாதாடியவன்.

அப்படி நாங்கள் முன்பு அச்சிட்ட ஒரு கையேட்டை, அது போய் இரண்டு ஆண்டு கழித்து, ஒரு ஈராசிரியர் பள்ளியில் பார்த்தேன். தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினார். பழுப்பு அட்டை போட்டிருந்தார், லேபிள் ஒட்டியிருந்தார், முதல் பக்கத்தில் பள்ளி முத்திரை, அதன் கீழே இருப்புப் பதிவேட்டு எண். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை. கூடவே நாங்கள் அனுப்பிய சொல் அட்டைகளும் உறை பிரிக்காமல் இருந்தன. "வகுப்புல பயன்படுத்திப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டேன். "ஸ்டாக்ல ஏத்தியாச்சு சார். பிள்ளைங்க கையில குடுத்துக் கிழிஞ்சுபோச்சுன்னா நாளைக்கு ஆடிட்ல நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அவர் அலட்சியமானவர் இல்லை. நாங்கள் அனுப்பியதை அவ்வளவு மதித்ததால்தான் அது பீரோவில் இருந்தது. அரசுப் பள்ளிக்குள் ஒரு பொருள் நுழைந்தால் அது முதலில் கணக்கில் ஏறும் என்பதை யோசிக்காமல் அனுப்பியது எங்கள் தவறு.

இது ஒரு பள்ளியின் கதை என்று தள்ளலாம். இங்கிலாந்தில் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். கல்வி ஆய்வின் முடிவுகளை ஆசிரியர்களிடம் எப்படிச் சேர்ப்பது என்பதற்கென்றே 13,000-க்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகளை வைத்து இரண்டு சோதனைகள் நடந்தன. முடிவு 2017-ல் வந்தது. ஆய்வை எடுத்துச்சொன்ன அமைப்புகளில் யார்க், டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் கல்வி ஆய்வு மையங்களும் இருந்தன. இதழ், கையேடு, காணொளி என்று ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு விதமாக அனுப்பியது. குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்குப் பொருள் போனது, சிலவற்றுக்குப் போகவில்லை. பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணில் இரண்டு தரப்புக்கும் வேறுபாடே தெரியவில்லை. பொருளோடு கொஞ்சம் உதவியும் சேர்த்துக் கொடுத்த பள்ளிகளிலும் அதே நிலைதான். அனுப்பப்பட்ட பொருள் தரமில்லாதது அல்ல. அங்கே ஆசிரியருக்கு வாசிக்க நேரமும் வசதியும் நம்மைவிட அதிகம். அங்கேயே அப்படி என்றால், எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் தளத்துப் பதிவேற்றத்துக்கும் வகுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் நம் ஈராசிரியர் பள்ளி ஆசிரியரிடம் நாற்பது பக்கத்தை அனுப்பி என்ன எதிர்பார்ப்பது?

இந்த முடிவைப் படித்த பிறகு கையேட்டுக்காக வாதாடுவதை நான் விட்டுவிட்டேன். கையேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முதலில் வரக்கூடாது.

ஒரு நாள் பயிற்சி

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுவது, அல்லது துறைக்கே ஆசிரியர்களை வரவழைத்துப் பயிலரங்கம் நடத்துவது. கையேட்டைவிட இது ஒரு படி மேல். முகம் பார்த்துப் பேசுகிறோம், கேள்வி வருகிறது. வட்டார வளமையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், கூடம் இருக்கிறது, கூட்டும் வழக்கமும் இருக்கிறது. செலவு தேநீருக்கும் பயணப்படிக்கும்தான்.

எனக்கு இதில் பட்ட குறையை ஒரு கேள்வியாகச் சொல்கிறேன். மதியம் மூன்றரை மணிக்கு, பின்னூட்டப் படிவத்தை வாங்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு ஆசிரியை எழுந்தார். "சார், என் ரூம்ல ஒண்ணாப்பு, ரெண்டாப்பு, மூணாப்பு மூணும் ஒண்ணா உக்காந்திருக்கு. எண்ணும் எழுத்தும்ல அரும்பு, மொட்டு, மலர்னு வேற பிரிச்சிருக்கு. நீங்க சொன்னதை அதுல எந்த எடத்துல நுழைக்கிறது?" அதற்கு விடை அந்தக் கூடத்தில் இல்லை, அவர் வகுப்பறைக்குப் போய் இரண்டு வாரம் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். நான்கு மணிக்குப் பேருந்து. நான் பொதுவாக ஏதோ சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022-ல் தொடங்கியது எண்ணும் எழுத்தும் திட்டம்; அரும்பு, மொட்டு, மலர் என்பவை அதில் பிள்ளைகளின் கற்றல் நிலைகள். அதற்கென்று ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி, தனிக் கையேடு, பயிற்சி நூல் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அதன்மேல் நாங்கள் ஒரு நாள் போய் இன்னொரு புதுச் செய்தியை வைத்தால் அது ஆசிரியருக்குச் சுமை. எங்கள் செய்தி அந்தத் திட்டத்துக்குள் எங்கே பொருந்துகிறது என்பதை நாங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் அது நடக்காது.

பெற்றோரிடமும் ஊரிடமும் நேராகப் போவது

இளைய ஆசிரியர்கள் முன்வைத்த யோசனை இது, எனக்கு மனசுக்குப் பிடித்ததும் இதுதான். பள்ளியை நடுவில் வைக்காமல் ஊருக்கே போவது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நடக்கும் அசர் கணக்கெடுப்பு ஒரு தாளில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி வைத்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளையைப் படிக்கச் சொல்கிறது. மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. படிப்பறியாத தாய்கூடப் பக்கத்தில் நின்று, தன் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். எங்கள் மாணவர்கள் அதே போல ஊர் ஊராகப் போய், முடிவைக் கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்தால் என்ன? கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே? விவரம் தெரிந்தால் ஊர் கேள்வி கேட்கும் அல்லவா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இருக்கிறது, கொஞ்சம் கசப்பான விடை. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ முதலானோரும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ருக்மிணி பானர்ஜியும் சேர்ந்து செய்த ஆய்வு, 2010-ல் வெளிவந்தது. சில கிராமங்களில் கூட்டம் போட்டு, கிராமக் கல்விக் குழுவுக்கு என்ன அதிகாரம் உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள். இன்னும் சிலவற்றில் அதோடு, பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் தாளையும் ஊராரிடம் கொடுத்துப் பழக்கினார்கள். மூன்றாம் வகைக் கிராமங்களில் இவை இரண்டோடு, ஊர் இளைஞர்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்த வைத்தார்கள்.

முதல் இரண்டு வகைக் கிராமங்களில் ஒன்றும் அசையவில்லை. குழுவும் அசையவில்லை, ஆசிரியரின் வேலையும் மாறவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் மாறவில்லை. மூன்றாம் வகையில் முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் வந்தது அந்தக் கிராமங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 8 பேர் அளவில்தான்.

இதை நான் இப்படிப் படிக்கிறேன்: "உன் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று ஊரிடம் சொல்வது மட்டும் ஒரு உதவியாகாது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் தினமும் மாலையில் பிள்ளையோடு உட்கார வேண்டும். நம் மாநிலத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளையில் அவரவர் தெருவிலேயே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று, பெருந்தொற்றுக் காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பியதைக் காட்டியது. திரும்பியதில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்த ஆய்வு அது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பெண்கள் சைக்கிளில் கிளம்பிய காலத்திலிருந்தே இந்த மண்ணுக்குத் தன்னார்வலர் வழி புதிதில்லை.

ஆக, ஊருக்குப் போவதானால் கணக்கெடுப்போடு நிறுத்தக்கூடாது, மாலை வகுப்பும் சேர வேண்டும். ஆனால் இல்லம் தேடிக் கல்வி அளவுக்கு ஆள் சேர்க்க அரசால்தான் முடியும். ஒரு துறையால் ஐந்தாறு ஊரில் செய்யலாம். அப்படியானால் எண்ணிக்கை என்ற ஒரே லாபமும் இந்த வழியில் கழன்றுவிடுகிறது.

சில பள்ளிகளோடு மூன்று ஆண்டு

கடைசி யோசனை. பத்துப் பன்னிரண்டு பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று ஆண்டும் அவற்றோடேயே இருப்பது. சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை இல்லை. முதல் ஆண்டில் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது. "மாவட்டத்துல ஆயிரக்கணக்கான பிள்ளைங்க, நீங்க பன்னெண்டு பள்ளியில என்ன செஞ்சு என்ன?" என்று கூட்டத்தில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் ஹோசங்காபாத்.

1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, நண்பர்கள் ஊரக மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தவரும் அந்த ஊர்களுக்கு வந்து தங்கினார்கள். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து பார்த்துக் கற்றார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். ஆறு ஆண்டு அந்த 16 பள்ளியிலேயே பார்த்துப் பார்த்துத் திருத்தி, 1978-ல்தான் மாவட்டம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அதை வளர்க்க 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டம்: வகுப்பில் சிக்கியதை ஆசிரியர்களே கொண்டுவந்து பேசுவார்கள், பல்கலைக்கழகத்தார் கேட்டுக்கொள்வார்கள். மற்றது சவாலிராம். அப்படி ஒரு மனிதர் கிடையாது, ஒரு பெயர்தான். பிள்ளைகள் தங்கள் கேள்விகளைச் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதுவார்கள், பதில் வரும். வெளியே சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், உள்ளே கேள்வி வருவதற்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். மற்ற மூன்று வழியிலும் அந்த வாசல் இல்லை.

இன்னொன்று அமெரிக்காவின் சிக்காகோ. அங்கே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று 1990 முதல் அந்த நகரத்தின் பொதுப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே ஆய்வு செய்கிறது. ஒரே ஊர், அதே பள்ளிகள், முப்பது ஆண்டுக்கு மேல். அதன் 2005-ஆம் ஆண்டு அறிக்கை ஒரு எளிய அடையாளத்தைச் சொன்னது: ஒன்பதாம் வகுப்பில் அடுத்த வகுப்புக்குத் தேவையான பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாத பிள்ளை, மற்றப் பிள்ளைகளைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை நான்காண்டில் முடிக்கிறது. தலைமையாசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய அடையாளம் இது. பள்ளிகள் அதைக் கையில் எடுத்து, தடுமாறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த ஆண்டே பிடித்து நிறுத்தின. அந்த அடையாளத்துக்குள் வரும் பிள்ளைகள் 2007-ல் 57 விழுக்காடு, 2013-ல் 82 விழுக்காடு.

இதில் ஒரு செய்தி என்னைச் சங்கடப்படுத்துகிறது. 1896-ல் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி மாதிரிப் பள்ளி தொடங்கிய அதே சிக்காகோ பல்கலைக்கழகம், தன் கல்வியியல் துறையை மூட 1990-களின் பின்பாதியில் முடிவெடுத்து, 2001-ல் மூடிவிட்டது. நகரத்துப் பள்ளிகளோடு ஒட்டி வேலைசெய்த கூட்டமைப்பு இன்றும் நிற்கிறது. ஒன்றால்தான் மற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் துறைக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

மாதிரிப் பள்ளி என்றதும் ஒருவர், நாமே ஒரு பள்ளி நடத்தலாமே என்றார். 1963-ல் தொடங்கிய மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தில் செயல்விளக்கப் பள்ளி இருக்கிறது, தென்மாநில ஆசிரியர் கல்விக்கு அது பெரும் துணை. ஆனால் வளாகத்துக்குள் நாம் நடத்தும் பள்ளியில் நடப்பது வெளியே ஈராசிரியர் பள்ளியிலும் நடக்கும் என்று, மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருக்கும் அந்த ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் தொகைக்கும் அது கட்டாது.

கையில் இருக்கும் ஆள்

பணத்தைவிட ஆள்தான் எங்களுக்கு முட்டுக்கட்டை என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் கருத்து மாறியது. இரண்டாண்டு பி.எட். வந்த பிறகு, ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014 விதிப்படி ஒவ்வொரு மாணவரும் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். முதலாம் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் தொடர்ந்து 16 வாரம். இப்போது அவர்களை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகளில் சிதறவிடுகிறோம். பாடக்குறிப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அதே மாணவர்களைப் பன்னிரண்டு பள்ளிக்கு, ஒரு பள்ளிக்கு மூன்று நான்கு பேராக அனுப்பினால், ஒரு பருவம் முழுக்கப் பள்ளியில் எங்கள் ஆள் இருக்கிறார். கூடுதல் செலவு பயணத்துக்கு மட்டும்தான்.

ஒரு சிக்கல் உண்டு. பி.எட். மாணவர்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் கற்பிக்கத் தயாராகிறவர்கள். அதனால் தொடக்கப் பள்ளிகளை விட்டு, எட்டாம் வகுப்பு வரை இருக்கும் நடுநிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறாம் வகுப்புக்கு வந்தும் பத்தி படிக்கத் திணறும் பிள்ளைகளோடு பி.எட். மாணவர் உட்காரலாம், ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் எம்.எட். மாணவரும் ஆய்வாளரும் இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் 'கு'வில் நின்ற பிள்ளை ஆறாம் வகுப்பில் எங்கே நிற்கிறது என்பது ஒரே கட்டடத்தில் தெரிந்துவிடும். ஆய்வுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இந்த வழியின் ஆபத்துகளை மறைக்க விரும்பவில்லை. பணியிட மாறுதல் கலந்தாய்வு முதலாவது. ஒரு ஆண்டு கூடவே நின்று பழகிய ஆசிரியர் மே மாதத்தில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடுவார். அதனால் ஒரு பள்ளியில் ஒருவரை மட்டும் நம்பக்கூடாது. பள்ளிகள் ஒரே ஒன்றியத்தில் இருந்தால் மாதக் கூட்டமாவது தொடரும், மாறிவரும் புது ஆசிரியருக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சொல்லித் தருவார். இரண்டாவது, அனுமதி. முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு பள்ளிக்குள்ளும் நுழையக்கூடாது. வட்டாரக் கல்வி அலுவலரை முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். முப்பது ஆண்டு நடந்த ஹோசங்காபாத் திட்டத்தையே 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பெரிய அறிஞர்களும் மக்களும் எதிர்த்தும் அது திரும்பவில்லை. அரசுப் பள்ளியில் செய்யும் எந்த வேலைக்கும் அந்த ஒரு கையெழுத்து தேவை என்பதை மறந்துவிட முடியாது. மூன்றாவது எங்களைப் பற்றியது. துறைத்தலைவர் மாறினால் அக்கறையும் மாறும். அதற்குத்தான் மூன்றாண்டு உடன்படிக்கையைப் பதிவாளர் கையெழுத்தோடு போடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குறிப்பு

நான்காவது வழியை, அதாவது சில பள்ளிகளோடு மூன்று ஆண்டு இருப்பதை, தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஒரே ஒன்றியத்தில் பன்னிரண்டு நடுநிலைப் பள்ளி, மூன்று ஆண்டு, மாதம் ஒரு கூட்டம். கூட்டம் எங்கள் வளாகத்தில் இல்லை, முறைவைத்து ஒவ்வொரு பள்ளியிலும். தொகையில் ஒரு பகுதி கோடை விடுமுறையில் அந்தப் பன்னிரண்டு ஊரிலும் வாசிப்பு முகாம் நடத்தும் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு. அங்கே இல்லம் தேடிக் கல்வியில் வேலைசெய்த பெண்கள் இருப்பார்கள், அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். கையேடு மூன்றாம் ஆண்டில், ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் செய்து பார்த்ததிலிருந்து, அவர்கள் பெயரோடு. சொல் அட்டைகளைப் பயன்படுத்தித் தேய்ந்துபோகும் பொருள் என்று குறித்தே கொடுக்க வேண்டும், அப்போது இருப்புப் பதிவேடு பிள்ளைக்கும் அட்டைக்கும் நடுவே நிற்காது.

எல்லாத் துறைக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். கையில் ஒரே ஆண்டுக்குத்தான் பணம் இருந்தால் பள்ளிகளோடு உறவைத் தொடங்கிப் பாதியில் விடுவது பாவம். அவர்கள் கோடை முகாமோடு நிறுத்திக்கொள்ளலாம். பி.எட். இல்லாத, ஆய்வு மட்டும் நடக்கும் துறை, மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனத்தோடு கைகோத்தால் ஆள் கிடைக்கும். வட்டார வளமையத்தோடு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கிற துறை ஒரு நாள் பயிற்சியையே, அதே ஆசிரியர்களுக்கு அதே கூடத்தில் ஆறு மாதம் தொடர்ந்து நடத்தினால், அது கிட்டத்தட்ட நான்காவது வழியாகிவிடும். ஆய்வு இன்னும் முதிராத துறை அவசரப்பட்டு எதையும் கொண்டுபோக வேண்டாம். முதல் ஆண்டு பள்ளியில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

துறைக் கூட்டம் குறிப்பை ஏற்றுக்கொண்டது, ஒரு திருத்தத்தோடு. பன்னிரண்டு பள்ளியிலும் சவாலிராமைப் போல ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று ஒரு ஆய்வு மாணவி சொன்னார். பிள்ளைகள் படிப்பதில் எது குழப்புகிறதோ அதை எழுதிப் போடலாம், எழுத வராதவர்கள் சொல்ல, அக்கா யாராவது எழுதிப் போடலாம். முதல் மாதக் கூட்டத்துக்கு என்ன கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தபோது நான் 'கொடி' கேள்வியைச் சொன்னேன். அந்தப் பெண் படிக்கும் பள்ளி பன்னிரண்டில் ஒன்று. ஜூனில் அவள் ஐந்தாம் வகுப்பு. ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் வேறாக இருப்பதை ஏழு வயதில் எப்படிச் சொல்லித் தருவது என்று முதலில் அவளுடைய ஆசிரியையிடம் கேட்கப் போகிறோம்.